நடுவால ஒண்ணுமில்லீங்க

குன்னூர் கீழ் பஜாரில் எந்த டீக்கடைக்குப் போனாலும் அவள் முதலில் கேட்பது டீ இல்லை, ஒன்றும் போடாத சுடுதண்ணி. அதுவும் டீ ஊற்றப்போகிற அதே கிளாஸில் வேண்டும். ஒரு வாய் குடிப்பாள், நாக்கில் உருட்டுவாள், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, "இப்ப டீ ஊத்துங்கண்ணா" என்பாள். ஒரு கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"ஏனுங்க அம்மிணி, எங்க கிளாஸு மேல உங்களுக்கு என்னங்க சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் இல்லீங்கண்ணா. டீ நல்லால்லீன்னா உங்க டீத்தூளைத்தான குறை சொல்லுவேன்? குத்தம் கிளாஸோடதா, தண்ணியோடதா, தூளோடதான்னு தெரிய வேண்டாங்களா? உங்க நல்லதுக்குத்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அடுத்த வாரம் நாங்கள் போய் உட்கார்ந்ததும் அவரே சுடுதண்ணியை நீட்டி, "செக் பண்ணிக்கங்க" என்றார். அவள் கிண்டலைக் கவனிக்காமல் குடித்துப் பார்த்து, "இன்னைக்கு சோப்பு வாடை இருக்குதுங்க" என்றாள். இருந்தது. அவர் கிளாஸை மாற்றிக் கொடுத்தார்.

அவளும் நானும் குன்னூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருஷம் இருந்தோம். நான் கோபிப் பக்கத்திலிருந்து பிஎச்.டி. பண்ணப் போனவள். அவள் அங்கே டெக்னீஷியன். அரவேணுவிலிருந்து காலை பஸ்ஸில், ஒரு தூக்குச்சட்டியும் சுடுதண்ணி பிளாஸ்க்குமாக வந்து இறங்குவாள். இருவருக்கும் ஒரே வயது. அவளுடைய பேரை எழுத மாட்டேன். எழுதினால் உடனே போன் பண்ணி, "அந்தப் பேர்ல குன்னூர்ல நாப்பது பேர் இருப்பாங்க, நாந்தான்னு எப்படீங்க முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்பாள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பேர் 'மறுபடியும்'. யார் எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான்.

நான் நேர் எதிர். எனக்கு எதையும் உடனே நம்பியாக வேண்டும். நல்ல சேதி என்றால் குதிப்பேன். கெட்ட சேதி என்றால் அழுது முடித்துவிட்டுத்தான் முழுசாகக் கேட்பேன். எங்கள் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்த எங்கள் சாருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

வீட்டிலும் அவள் அப்படித்தான் என்று அவள் வீட்டுக்காரர் சொல்லித் தெரியும். பச்சைத்தேயிலை ஏற்றுகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். எப்போதாவது மழை நாளில் வண்டியோடு அவளைக் கூட்டிப்போக வருவார். அரவேணுப் பக்கம் கரடித் தொல்லை உண்டு. எண்ணெய் வாடைக்குக் கடைக் கதவையே பெயர்த்துவிடும். ஒரு வருஷம், மிளகாய்த்தூளைத் துணியில் முடிந்து ஜன்னலில் கட்டினால் கரடி கிட்டே வராது என்று யாரோ சொல்ல, அந்தத் தெரு முழுக்க மிளகாய் மூட்டை தொங்கியிருக்கிறது. இவளும் கட்டினாள். வீட்டு முன்பக்க ஜன்னலில் மிளகாய்த்தூள். பின்பக்க ஜன்னலில் அதே துணி, அதே முடிச்சு, உள்ளே வெறும் தவிடு.

"ஏன்டி, பின்னால வந்தா என்ன பண்றதுன்னு கேட்டனுங்க," என்றார் அவர். "வந்தாத்தான மொளகா வேலை செய்யுதா, துணியப் பாத்து பயப்படுதான்னு தெரியும்ங்கறா. நான் பத்து நாள் டார்ச் லைட்டைக் கையில புடிச்சுட்டே தூங்கினேன். கரடி எங்க ஊட்டுப் பக்கமே வரலைங்க. தெருவே நிம்மதியா இருக்குது, இவ மட்டும் உம்முனு இருந்தா. கரடி வரலீன்னு வருத்தப்பட்ட பொம்பளையை எங்கியாவது பாத்திருக்கீங்களா?"

"வராம எப்படீங்க முடிவு சொல்றது?" என்றாள் அவள், வண்டியில் ஏறி உட்கார்ந்தபடி. அவளுக்கு அப்போதும் அந்த வருத்தம் தீரவில்லை.

என் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். நம் உடம்பின் செல்களுக்குச் சாகத் தெரியும். சாக வேண்டிய நேரத்தில் அவை ஒழுங்காகச் சாவதால்தான் நாம் நடமாடுகிறோம். 'போதும், முடித்துக்கொள்' என்று வெளியிலிருந்து சேதி வந்தால் அதை வாங்கி உள்ளே சொல்வதற்குச் செல்லின் மேல் சில ரிசெப்டர்கள் இருக்கின்றன. சாவு ரிசெப்டர்கள் என்று அவற்றுக்குப் பேர். புற்றுநோய்ச் செல்களில் பல இந்தச் சேதியைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. மலையெல்லாம் பிடுங்கி மாளாமல் மண்டிக்கிடக்கிற உண்ணிச்செடியிலிருந்து நாங்கள் எடுத்த ஒரு சாறு, அந்தச் செல்களின் மேல் ஒரு சாவு ரிசெப்டரைக் கூட்டுகிறது என்பது என் கட்சி. என் ஆராய்ச்சி மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

அதை எப்படிக் காட்டுவது? செல்களை உடைத்து, உள்ளே இருக்கிற புரதங்களைப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றி, அதன்மேல் ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். ஆன்டிபாடி தனக்குரிய ரிசெப்டரைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாக விழும். ஊரெல்லாம் இதற்குக் கேமரா வந்துவிட்டது. எங்கள் கேமரா ரிப்பேருக்குக் கோயமுத்தூர் போனது போனதுதான், நாங்கள் இருட்டறையும் பிலிமுமாகவே காலம் தள்ளினோம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆன்டிபாடி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை இல்லை. தனக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அதே உயரத்தில் அழகாக ஒரு பொய்க்கோடு போட்டுவிட்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பிளாக்கிங் பெப்டைட். ரிசெப்டரின் எந்தத் துண்டைக் காட்டி அந்த ஆன்டிபாடியை உண்டாக்கினார்களோ, அதே துண்டைத் தனியாகச் செய்து குப்பியில் விற்கிறார்கள். அதை முதலிலேயே ஆன்டிபாடியோடு நிறையக் கலந்துவிட்டால் அதன் கைகள் நிரம்பிவிடும். பிறகு தாளில் ஊற்றினால் ரிசெப்டரைப் பிடிக்கக் கை இருக்காது. கோடு மறைந்தால் அது நிஜக்கோடு. மறையாவிட்டால் இவ்வளவு நாள் வேறு எதையோ பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம்.

எங்கள் ஆபீஸ் கிளார்க் ஒருமுறை இது என்ன கண்றாவி என்று கேட்டபோது அவள் சொன்ன விளக்கம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"ஒருத்தன் கல்யாணப் பந்திக்கு வரானுங்க. அவன் சோத்துக்கு வரானா, வேற எதுக்காச்சும் வரானான்னு தெரியணும். வாசல்லயே நிறுத்தி, வயிறு முட்ட இட்லி குடுத்தரோணும். அப்பறம் உள்ள உடுங்க. பேசாம திரும்பிப் போனான்னா பசிக்கு வந்தவன். அப்பறமும் போயி ஒரு எலைக்கு முன்னால உக்காந்தான்னா, பக்கத்து எலையில இருக்கறவங்க நகையை எதுக்கும் பாத்துக்கங்க."

அன்றிலிருந்து எங்களுக்கு பிளாக்கிங் பெப்டைட் என்றால் இட்லி. ஃப்ரீசரில் அந்தக் குப்பிகள் இருந்த டப்பாவின் மேலேயே அவள் 'இட்லி' என்று எழுதி ஒட்டிவிட்டாள். அடுத்த முறை பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அதிகாரி, ஆய்வுக்கூட ஃப்ரீசரில் தின்பண்டம் வைத்திருப்பதாக ஒரு பக்கத்துக்குக் கண்டித்து எழுதிவிட்டுப் போனார். சார் அதற்குப் பதில் எழுத ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். சார் நல்ல மனுஷர், எப்போதும் அவசரத்தில் இருப்பார், கதவைத் திறக்கும்போதே "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். அந்தப் பதிலை முடித்ததும் வெளியே வந்து, "இனிமே இங்கிலீஷ்லயே எழுதுங்கம்மா" என்றார்.

எனக்கு முதன்முதலாகக் கோடு விழுந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாறு கொடுக்காத செல்லில் மங்கலாக, கொடுத்த செல்லில் கன்னங்கரேலென்று. நான் துள்ளிக்கொண்டு மேல் பஜாருக்கு ஓடி, இரண்டு பொட்டலம் வர்க்கி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். கேண்டீனில் அன்றைக்கே என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வர்க்கியை நிதானமாக உடைத்து, டீயில் நனைத்துத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க மேடம், இட்லி குடுத்துப் பாத்தாச்சுங்களா?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "என் வர்க்கியைத் தின்னுட்டு என்னையே கேக்கறீங்களா?"

"வர்க்கி நல்லாருக்குதுங்க. கோடும் நல்லாருக்குது. நல்லாருக்கறது வேற, நெசமாருக்கறது வேறைங்களே."

"எல்லாரும் டாக்டரம்மாங்கறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?"

"எனக்கு இன்னும் ப்ரூஃப் வரலைங்க. வரட்டும், கூப்படறேன். அது வரைக்கும் மேடம்."

அந்த மேடத்தை அவள் இரண்டு வருஷத்துக்குமேல் விடவில்லை. நானும் இட்லி கொடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் குப்பியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், மாசக்கணக்கில் ஆகும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம் பயம். இருப்பதே நன்றாக இருக்கிறது, அதை எதற்குக் கிளறுவானேன் என்று இருந்தேன். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கடைசியில் வேறு வழியில்லாமல் போயிற்று. ஆய்விதழுக்கு நாங்கள் அனுப்பிய பேப்பரைப் படித்த முகம் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் எல்லாம் நன்று என்று எழுதிவிட்டு, கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார். இந்தக் கோடு அந்த ரிசெப்டர்தான் என்பதை பிளாக்கிங் பெப்டைட் வைத்துக் காட்டவும். ஜனவரி கடைசிக்குள் காட்ட வேண்டும். பேப்பர் வந்தால்தான் நான் தீசிஸ் கொடுக்க முடியும், மார்ச்சோடு என் உதவித்தொகை முடிகிறது. குப்பி வந்து சேர்ந்தபோது டிசம்பர் பாதி. ஒரே குப்பி. அது சரியில்லை என்றால் இன்னொன்று வரவழைக்க நேரம் கிடையாது.

முதலில் அந்த மதிப்பீட்டாளரின் கடிதம் வந்த அன்றைக்கே நான் அவளிடம்தான் பாய்ந்தேன். "நீங்கதான் அந்த ஆளுக்கு எழுதிப் போட்டீங்களா?"

"நானா இருந்தா ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே எழுதியிருப்பேனுங்களே," என்றாள்.

நான் குப்பியைத் திறந்தேன். உள்ளே உப்புத்தூள் மாதிரி ஒரு சிட்டிகை. கூட வந்த தாளில் போட்டிருந்தபடியே திரவத்தை ஊற்றி, மேஜைமேல் அறை வெப்பத்தில் வைத்து, சொன்ன நேரம் ஆனதும் எடுத்து ஆன்டிபாடியோடு கலந்து, அதையும் அறை வெப்பத்திலேயே ஒரு மணி நேரம் வைத்தேன். ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன். புரதம் ஏற்றிய வெள்ளைத் தாளை இரண்டாக வெட்டி, ஒன்றில் வெறும் ஆன்டிபாடி, இன்னொன்றில் இட்லி தின்ற ஆன்டிபாடி. மத்தியானம் இருட்டறையில் பிலிமைக் கழுவினேன்.

இரண்டிலும் கோடு இருந்தது. இட்லி தின்றவன் நேராகப் போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை செய்தேன். அதேதான். குப்பியில் இருந்த திரவமெல்லாம் தீர்ந்தது. குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டு சாரிடம் போய்ச் சொன்னேன். சார் இரண்டு பிலிமையும் ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "பொய்க்கோடுன்னா பொய்க்கோடுதான்மா. அனுப்பின பேப்பரைத் திரும்ப வாங்கிக்கலாம். வேற என்ன பண்ண முடியும்னு யோசிப்போம்," என்றார். கடிந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒளிக்கலாம், மறைக்கலாம் என்கிற நினைப்பே வராத நேர்மையான மனுஷர் அவர். அவர் கொஞ்சம் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான் வந்து என் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவள் வந்து நின்றது கேட்டது. எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

"இப்ப சந்தோஷமா உங்களுக்கு? ரெண்டு வருஷமாச் சொன்னீங்களே, பலிச்சுருச்சு! போய் வர்க்கி வாங்கிக் குடுங்க எல்லாருக்கும்!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் சுடுதண்ணி ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். கொஞ்சம் பொறுத்து, "மறுபடியும்," என்றாள்.

"என்ன மறுபடியும்? குப்பி காலி. ரெண்டு தடவை பண்ணியாச்சு. போதும்."

"மேடம், கோடு வந்தப்ப நான் என்ன கேட்டேன்? நெசமான்னு கேட்டேன். இப்பக் கெட்ட சேதி வந்திருக்குது. அதைய மட்டும் கேள்வி கேக்காம வாங்கி வெச்சுக்கறதா? நல்ல சேதிய மட்டும் சந்தேகப்பட்டா அது சந்தேகம் இல்லீங்க, பொறாமை. எனக்கு உங்க மேல பொறாமையெல்லாம் கெடையாதுங்க."

நான் தலையை நிமிர்த்தினேன். அந்த முகத்தில் கேலி இல்லை. இத்தனை வருஷம் இவளை நான் தப்பாகவே பார்த்திருக்கிறேனே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இட்லி குடுத்தீங்க சரி. அது அவன் வயித்துக்குள்ள போச்சுதான்னு யாருங்க பாத்தது?" என்றாள். "எப்படிக் கரைச்சீங்க, சொல்லுங்க."

குப்பியோடு வந்த தாளை எடுத்து நீட்டினேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அறை வெப்பத்துலன்னு போட்டிருக்குதுங்களே. எந்த அறைங்க?"

"எந்த அறைன்னா? இந்த அறைதான்."

"இதைய எழுதுனவன் அவன் ஊர்ல ஹீட்டர் போட்டுட்டு சட்டையோட உக்காந்து எழுதியிருப்பான். நீங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டு, குல்லாவும் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

இருவரும் சுவரிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தோம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பதினோரு டிகிரி காட்டியது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு முழுக்கப் பனிமூட்டத்தில் காணாமல் போயிருந்தது. நாங்கள் ஐந்து டிசம்பராக அந்த அறையில்தான் வேலை செய்கிறோம். குளிர் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது, யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

"ஆனா குப்பியைத் தூக்கிப் போட்டுட்டேனே" என்றேன்.

அவள் எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். முடிவு நோட்டில் ஏறி, கையெழுத்து ஆகும்வரை அவள் எந்தக் குப்பையையும் வெளியே விடமாட்டாள். அதற்காக அவளை எத்தனை தடவை திட்டியிருப்போம்! டப்பாவுக்குள் கையுறை போட்ட விரலால் துழாவி என் குப்பியை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அடியில், மூலையில், வெள்ளையாக, மெல்லிசாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? கரையவே இல்லீங்க. கலக்காத டீயை மேலாக் குடிச்சுட்டு, சக்கரையே போடலீன்னு சண்டைக்குப் போயிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அதான் இதுன்னு எப்படிச் சொல்றீங்க? தூசியா இருந்தா?" என்று நானே கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை.

"அப்படிக் கேளுங்க" என்றாள்.

மறுநாள் காலை ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் கரண்ட் இல்லை. காட்டேரி என்கிற ஊர்ப் பக்கம் எங்கேயோ மரம் விழுந்திருக்கிறதாம். ஜெனரேட்டர் ஃப்ரீசர்களுக்கு மட்டும்தான், தண்ணியைச் சூடாக வைத்திருக்கிற பெட்டி வேலை செய்யாது. நான் தலையில் கைவைத்தேன். அவள் தன் பிளாஸ்க்கைத் திறந்தாள். ஒரு பீக்கரில் சுடுதண்ணியும் குழாய்த்தண்ணியும் மாற்றி மாற்றி ஊற்றி, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். குப்பியில் புதிதாகத் திரவம் ஊற்றி அதில் நிறுத்தினோம். சூடு இறங்க இறங்க அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணி சேர்த்தாள். அரைமணி நேரத்தில் அடியில் இருந்த வெள்ளை போன இடம் தெரியவில்லை.

"இன்னைக்கு மூணு துண்டாத் தாளை வெட்டுங்க" என்றாள்.

"மூணாவது எதுக்கு?"

"நடுவால கோடு மறைஞ்சா, இந்த இட்லியால மறைஞ்சுதா, எந்த இட்லி குடுத்தாலும் மறையுமான்னு கேப்பாங்க."

"யாரு கேப்பாங்க?"

"நாங் கேப்பேன்."

பழைய மாணவர் ஒருவர் விட்டுப்போன வேறொரு சாவு ரிசெப்டரின் பெப்டைட் ஃப்ரீசரில் இருந்தது. மூன்றாவது துண்டுக்கு அதைக் கலந்தோம், அதே பீக்கரில் வைத்தே. முதல் துண்டுக்கு வெறும் ஆன்டிபாடி. நடுத்துண்டுக்கு எங்கள் இட்லி. பிளாஸ்க் தீர்ந்ததும் கேண்டீனில் போய் அவள் மறுபடி சுடுதண்ணி வாங்கி வந்தாள். அன்றைக்கு அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் கரண்ட் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு பிலிமை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் இருட்டறைக்குள் போனாள். நான் வர மாட்டேன் என்றேன். கதவுக்கு வெளியே நின்றேன். சார் அந்தப் பக்கம் வந்தார், வாயைத் திறந்தார், "முடிஞ்சுதா" என்று கேட்காமலே என் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே தண்ணி சலசலப்பது கேட்டது. எனக்குத் தெரிந்து, என்னுடைய ஐந்து வருஷமும் பிலிம் கழுவுகிற அந்தத் தட்டில் மிதந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு ஓரத்துலயும் கோடு இருக்குதுங்க. நடுவால ஒண்ணுமில்லீங்க."

சார் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். நான் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. அழுதேன் என்று அவள் சொல்கிறாள். சார் அதைவிட அதிகமாக அழுதார் என்பதும் அவள் கட்சி.

அதற்குப் பிறகு அவள் என்னை இன்னும் இரண்டு தடவை செய்யவைத்தாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பேப்பர் வந்தது. தீசிஸ் கொடுத்தேன். ஏப்ரலில் மலையைவிட்டு இறங்கும்போது, நோட்டில் ஒட்டியது போக மிச்சமிருந்த ஒரு பிலிமை எடுத்து நீட்டி, "ஞாபகத்துக்கு வெச்சுக்கங்க" என்றேன். அவள் கத்திரிக்கோலை எடுத்துக் கோடு இருந்த இரண்டு ஓரங்களையும் வெட்டி என் கையில் கொடுத்தாள். "கோடு உங்களுது. காலி எனக்கு" என்று நடுத்துண்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள்.

இப்போது நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இருக்கிறேன். போன மாசம்தான் அரவேணுவில் அவள் புதிதாகக் கட்டியிருக்கிற வீட்டுக்குப் போக முடிந்தது. வர்க்கி வாங்கிப் போனேன். உட்கார்ந்ததும் முதலில் சுடுதண்ணி வந்தது. கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே சுவரைப் பார்த்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு, இளநீலத்தில், ஒன்றுமே இல்லாமல், இரண்டு பிலிம் துண்டுகள் தொங்கின.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டம்மா பால் கொடுக்க வந்தவர், புது வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்து அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது ஆருக்கு எடுத்த எக்ஸ்ரே? என்ன வந்துச்சுங்க?"

"இந்தம்மாவுதுங்க," என்று அவள் வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டினார். "ஒண்ணுமே வரலைங்க. அதுக்குத்தான் மாட்டி வெச்சிருக்கறா."

"அப்பாடா!" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகராசியா இருங்க சாமி."

அவர் போனதும் நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு துண்டின் கீழே பேனாவில் 'டிசம்பர், சுடுதண்ணியோட' என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் கீழே 'மே, சுடுதண்ணி இல்லாம'.

"மே எப்ப வந்துச்சு? நான் ஏப்ரல்லயே போயிட்டேனே."

"நீங்க போன பொறகு பண்ணுனதுங்க," என்றாள் அவள், டீயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே. "இட்லி மிச்சம் இருந்துச்சு, ஃப்ரீசர்ல மறுபடியும் வெள்ளையா அடியில படிஞ்சு கெடந்துச்சுங்க. குளுருனாலதான் கரையலீன்னு சொன்னது நாந்தான? அது நெசமான்னு பாக்க வேண்டாங்களா? மே மாசம் நம்ம ரூம் நெசமாலுமே இருபத்தி நாலுங்க. சும்மா மேஜை மேலயே வெச்சுக் கரைச்சேன். நடுவால ஒண்ணுமில்லீங்க."

பேப்பர் வந்து, தீசிஸும் கொடுத்து, நான் கீழே வர்க்கியும் ஸ்வீட்டுமாகக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இவள் மேலே குன்னூரில் தன் சாப்பாட்டு நேரத்தில் என் ஐந்து வருஷத்தை மறுபடியும் தட்டில் மிதக்கவிட்டிருக்கிறாள்.

"அன்னைக்குக் கோடு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணியிருப்பேனுங்க."

"பண்ணி?"

"டாக்டரம்மாங்கறதை வாபஸ் வாங்கியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே வாங்கியிருப்பாள். வேறு யார் கூப்பிட்டாலும் எனக்கு அந்தப் பேர் சும்மா காதில் விழுந்துவிட்டுப் போகும், அவள் கூப்பிட்டால் மட்டும் முதுகு நிமிரும், ஏன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. நான் கிளாஸைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"சுடுதண்ணி ஆறுது பாருங்க," என்றாள். "குடிங்க டாக்டரம்மா."